வருமுன் வந்த காலடி

உறைந்த ஏரியின் நடுவே ஒரு ஓட்டை.

ஓரத்தில் ஒரு கம்பளிக் குல்லாய்.

ஆள் இல்லை...!

குல்லாய் ஆஸ்லாக்குடையது. தூண்டில் போடப் போனவர், பனி உடைந்து உள்ளே போய்விட்டார் என்று அந்த நார்வே பள்ளத்தாக்கே முடிவு கட்டிவிட்டது.

ஒருத்தியைத் தவிர!

மறுநாள் மத்தியானம். சமையலறையில் ஆஸ்லாக்கின் மனைவி குன்வோர் காபி ஊற்றிக்கொண்டிருந்தாள். போலீஸ் அதிகாரி தூர்ஹில்ட், காலையில் போனில் கேட்டதையே வேண்டுமென்றே மறுபடி கேட்டாள்.

"அவர் ஏரியில விழலைன்னு எப்படிச் சொல்றீங்க?"

"அவரோட வார்டோகர் வந்துச்சே மேடம்!"

தூர்ஹில்ட் சிரிக்கவில்லை. அவளும் இந்த மண்ணில் பிறந்தவள்தான். இங்கே சில பேருக்கு, ஆள் வருமுன் காலடி வந்துவிடும். அதற்குத்தான் வார்டோகர் என்று பெயர். கதவு திறக்கும், பூட்ஸ் தட்டும். போய்ப் பார்த்தால் ஒருவரும் இருக்க மாட்டார்கள். நிஜ ஆள் அப்புறம்தான் ஆடி அசைந்து வருவான். அந்தச் சத்தத்தை நம்பித்தான் பல வீடுகளில் காபிக்கு அடுப்பே பற்றுகிறது.

"வீட்டைப் பார்த்துக் கிளம்பினாத்தான் அது வரும் மேடம். நேத்தும் வந்துச்சு. ரெண்டு தட்டு, ஒரு செருமல். காபி வெச்சேன்... ஆறிப்போச்சு."



"அண்ணி! திரும்பவும் ஆரம்பிக்காதீங்க!"

ஜன்னலோரம் சலித்துக்கொண்டான் ஐவின். ஆஸ்லாக்கின் தம்பி. ஆஸ்லோவில் மூளை டாக்டர்.

"வருஷக்கணக்கா தினம் கேட்ட சத்தம். மூளை தானா ஓட்டிக் காட்டுது. அவ்வளவுதான்!"

"நேத்து நீங்களும் ஏரிக்குப் போனீங்களாமே டாக்டர்?"

"காட்டை வித்துடலாம்னு பேசப் போனேன். மாட்டேன்னுட்டான். திரும்பிட்டேன். அப்பவும் தூண்டிலோடதான் உட்கார்ந்திருந்தான்."

"வீட்டுக்குக் கிளம்பலை?"

"இல்லைங்கறேன்ல!"

தூர்ஹில்ட் ஒரு முறை கதவைப் பார்த்துக்கொண்டாள்.

கதவு கிறீச்சிட்டது.

டப்...! டப்...!

ஒரு செருமல்.

ஐவின் கையிலிருந்த கோப்பை தரையில் விழுந்து சிதறியது!

"வந்துட்டாரு...!" குன்வோர் எழுந்தாள்.

"வர முடியாது!" ஐவின் அலறினான். "முடியவே முடியாது! வீட்டுக்குக் கிளம்பினவனை நான்தானே திரும்ப இழுத்துட்டுப் போய்... இந்தக் கையாலதானே தண்ணிக்குள்ள அமுக்கினேன்...!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது.

"என்ன டாக்டர், மூளை தானா ஓட்டிக் காட்டுதா?" தூர்ஹில்ட் விலங்கை மாட்டினாள். "வெளியில நிக்கறது என் கான்ஸ்டபிள் யூஸ்டைன். ஆஸ்லாக்கோட பழைய பூட்ஸைப் போட்டுக்கிட்டு வந்து, ரெண்டு தட்டு தட்டிச் செருமச் சொல்லியிருந்தேன். பிரமாதமா செஞ்சுட்டான்!"

வாசலுக்குப் போனாள்.

யாரும் இல்லை.

முற்றத்துப் பனியில் புதிதாக ஒரு தடம்கூட இல்லை!

அதே சமயம் அவள் செல்போன் அலறியது.

"மேடம், யூஸ்டைன் பேசறேன். மன்னிச்சுடுங்க! ஜீப் பனியில மாட்டிக்கிச்சு. இப்பத்தான் அங்கே கிளம்பறேன்..."

தூர்ஹில்ட் திரும்பிப் பார்த்தாள். குன்வோர் ஆஸ்லாக்கின் கோப்பையில் காபி ஊற்றிக்கொண்டிருந்தாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

தூர்ஹில்ட் போனில் சொன்னாள்.

"மெதுவாவே வா யூஸ்டைன். உன் வேலையை உனக்கு முன்னாடியே வந்து முடிச்சாச்சு... யாருன்னு மட்டும் என்கிட்டே கேட்காதே!"