போயிட்டு வாரேன்

பூட்டியே கிடக்கும் அறையில் ஈரத்துணி வாடை அடித்தது. மழை பெய்து நாளாகிறது. கடலும் பக்கத்தில் இல்லை, திருப்பாலைக்குடிவரை போகவேண்டும். சேதுலட்சுமி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்த இடத்தைப் பார்க்க எத்தனை நாள் ஆசை! பள்ளிக்கூடத்தில் அவள் வாய் ஓயாமல் சொல்லிக்கொடுக்கும் பாட்டெல்லாம் இந்தப் பண்ணை வீட்டில், இந்தச் சாய்வு நாற்காலியில் பிறந்தவை. மைக்கூடு, மூக்குக்கண்ணாடி, கொடியில் துண்டு என்று அவற்றை எழுதிய கவிஞர் விட்டுப்போனபடியே எல்லாவற்றையும் வைத்திருந்தார்கள்.

வெளியே பனையோலைகள் உரசி ஓய்ந்தபோதுதான் அது கேட்டது. நாற்காலிக்குப் பின்னால், மெதுவாக, தொண்டையில் தண்ணீர் நிற்பதுபோல ஒரு மூச்சு. பூனையாக இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். கைப்பிள்ளையை நாத்தனார் சோலையம்மாளிடம் விட்டு வந்திருந்தாள். பால் கட்டி மார் வலித்தது. பெரிய மனிதர் வீட்டிலிருந்து சொல்லாமல் கிளம்புவதா என்று நாற்காலியைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"போயிட்டு வாரேன்யா."

"இரு தாயி. நானும் வாரேன்."

காவல்காரர் மலையாண்டியின் குரல் என்று நினைத்து வெளியே வந்தாள். அவர் தூரத்தில், கிணற்றடியில், மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். உள்ளே நடந்ததை அவள் சொன்னதும் வாளியை நழுவவிட்டார்.

"இழவு வீட்டுல யாராச்சும் போயிட்டு வாரேன்னு சொல்லுவாகளா?"

"அவரு செத்து வருசக்கணக்காச்சே அண்ணே."

"கடல்ல குளிக்கப் போனவரு. உடம்பு கெடைக்கவே இல்ல. எடுத்தாத்தான தாயி இழவு முடியும்?"

சேதுலட்சுமி ஊரைப் பார்த்து ஓடினாள். உடைமர முள் சேலையைக் கிழித்தது. திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் காலடி எதுவும் கேட்கவில்லை. அதுவே பெரிய ஆறுதலாக இருந்தது.

ஊருக்குள் நுழையும்போது பொழுது சாய்ந்திருந்தது. தெருக்கிணற்றில் சோலையம்மாள் குடத்தோடு நின்றாள்.

"பிள்ளை எங்க?"

"தூங்குறான். ஏன் அண்ணி இப்படி ஓடியாரீக? உங்ககூட வந்த அய்யாதான் தொட்டில ஆட்டிக்கிட்டு இருக்காரு. நீங்க பின்னால வாரீகன்னு சொன்னாரு."

வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. விளக்கில்லை.

உத்தரத்துச் சேலைத் தொட்டில் ஆடவில்லை. கனம் தாங்காமல் தரையைத் தொடுமளவு தொங்கியது. உள்ளே பிள்ளை அழுதான். எதற்கோ அடியில் அமுங்கிய அழுகை.

சேலை மடிப்புக்கு வெளியே ஒரு கால் நீண்டிருந்தது. ஊறி வெளுத்த, நரைமயிர் அப்பிய, பெரிய கால். அது மெல்லத் தரையில் ஊன்றியது. உந்தியது.

தொட்டில் ஆடத் தொடங்கியது. அழுகை நின்றது.