மூன்றாம் வரிசைக்கு ஒரு பார்வை

“அந்தப் பையன் ஒரு நாளாவது உன் மூஞ்சியப் பார்த்துப் பாடியிருக்கானாடி?” என்று கோதையின் சித்தி ஒருமுறை சுவரிலிருந்த அதிரனின் படத்தைக் காட்டிக் கேட்டாள். கேட்டவள் மறந்துபோனாள். பதினாறு வயதுக் கோதைக்கு அது முள்ளாகத் தைத்துவிட்டது.

நிலவின் குமிழ்நகரில் அன்று ‘எரிகல்’ இசைக்குழுவின் கச்சேரி. அரங்க வாசலில் பாடகன் அதிரனின் அறுபதடி கட்அவுட்டுக்குப் பால் ஊற்றினார்கள். நிலவில் எதுவும் அவசரப்பட்டு விழுவதில்லை. தலையில் ஊற்றிய பால் காலுக்கு வருவதற்குள் ஒரு முழு விசில் அடித்துவிடலாம். ஊற்றியவை, விசிலடித்தவை, ‘தலைவா’ என்று மயங்கி விழுந்தவை எல்லாம் பதிலாட்கள். ரசிகர்கள் வீட்டில் சாய்ந்தபடி அந்த இயந்திரங்களின் கண்வழியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தொண்டை கிழியக் கத்த மனிதர்களே போவது நின்று வெகுகாலம் ஆகியிருந்தது.

“நேர்லயா வந்தே? பதிலாள் இல்லையாம்மா?” வாசல் காவலர் பரிதாபப்பட்டார்.

“முட்டி கழண்டுடுச்சுண்ணே.”

“அடப்பாவமே, உனக்கா?”

“அதுக்கு!”

ஸ்பேனர் வைத்துக் கழற்றியது தானேதான் என்பதை அவள் சொல்லவில்லை. அதிரன் பார்க்க வேண்டியது அவள் சொந்த முகத்தை அல்லவா?

மேடையில் பாடியவர்களும் பதிலாட்கள்தான். அது ஒன்றும் ரகசியமில்லை. போன மாதம் கோதையும் தோழி ஃபரிதாவின் பதிலாளும் கீரைத் தட்டுகளுக்கு நடுவே ஒளிந்து குழுவின் சரக்குவண்டியில் ஏறியபோது, அதிரன் நான்காக மடிக்கப்பட்டு ஒரு பெட்டிக்குள் கிடந்தான். “தூங்கும்போதுகூட என்ன அழகுடி!” என்று இருவரும் அலறினார்கள்.

முப்பது வருடங்களுக்கு முன் பாடத் தொடங்கிய அசல் நால்வருக்கும் தொப்பை விழுந்துவிட்டது. மேடை அதிரனுக்கு மட்டும் என்றும் பத்தொன்பது. அசல் அதிரன் கச்சேரிதோறும் வந்து திரைக்குப் பின்னால் நிற்பார். ஒரு மனித முகமாவது தென்படுமா என்று கூட்டத்தைத் துழாவுவார், ஏமாந்து திரும்புவார்.

மூன்றாவது பாட்டில் மேடை அதிரனின் பார்வை வரிசை வரிசையாக வரும். ஒரு முகத்துக்கு ஒரு நொடி. அந்த நொடிக்காக மூன்றாம் வரிசையில் கோதை காத்திருந்தாள். அழுகை முட்டியது. மூக்கைப் புறங்கையால் துடைத்தாள்.

பதிலாட்களுக்கும் அழத் தெரியும். மூக்கு ஒழுகாது.

திரைக்குப் பின்னாலிருந்தவர் அதைப் பார்த்துவிட்டார். விழுந்தடித்து இறங்கி வந்து அவளுக்கு நேர் எதிரே நின்றார். அவள் முகத்தையே பார்த்து, கரகரத்த குரலில், அதே பாட்டைப் பாடினார்.

“அங்கிள், தள்ளுங்க! அவர் இந்தப் பக்கம் பார்க்கப் போறார்!”

அவர் நகரவில்லை. பாட்டின் அடுத்த அடிக்குப் போனார்.

“யாருடி இந்தப் பெருசு?” பக்கத்து இருக்கைப் பதிலாளின் வாய்வழியே, வீட்டில் முறுக்கு கடித்துக்கொண்டிருந்த ஃபரிதா கேட்டாள். “தலைவர் பாட்டையே கொலை பண்ணுது!”

“வாய மூடுங்க அங்கிள்! அவர் குரலே கேக்கல!”

அவருடைய வழுக்கைக்குப் பின்னால் மேடை அதிரனின் இரண்டு நீலக் கண்கள் மூன்றாம் வரிசைக்கு வந்தன. அவர் பிடரியில் ஒரு நொடி நிலைத்தன. நான்காம் வரிசைக்குப் போய்விட்டன.

“போச்சு!” கோதை முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மினாள். “உங்களாலதான்! நான் நேர்ல வந்ததே அவர் என்னைப் பார்க்கணும்னுதான்!”

பாட்டு பாதி அடியில் நின்றது. அவர் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு, பின்னால் இருப்பவர்களுக்கு மறைக்காதபடி நன்றாகக் குனிந்துகொண்டு, பக்கவாட்டுக் கதவு வழியே வெளியேறினார்.