நூற்று நான்காவது டோக்கன்

கணவன் சிறைக்குப் போய் இருபது நாள் ஆகியிருந்தது. வந்தவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்து பேசினாள்.

"ஆஸ்பத்திரியில கம்ப்யூட்டர் பாத்துக்கிறவர் சார். நோயாளிங்க விவரமெல்லாம் அழிஞ்சுபோச்சு. எந்த மருந்து ஒத்துக்காதுன்னு தெரியாம ஊசி போட்டதுல ஒரு அம்மா செத்துட்டாங்க. பாஸ்வேர்டு இவர்கிட்ட மட்டும்தான் இருந்துச்சாம், அதனால இவர்தானாம். நாளைக்குக் கோர்ட்டு. உள்ளே சாப்பிடவே மாட்டேங்கிறார்."

கேட்டுக்கொண்டிருந்த பெரியவரைத் தெருவில் எல்லோரும் நிதானம் என்பார்கள். கம்ப்யூட்டருக்குள் மற்ற நிரல்களுக்கெல்லாம் இடம் பிரித்துக் கொடுக்கும் அடிப்படை நிரலுக்குக் கெர்னல் என்று பெயர். அதைச் சரிபார்த்தே தலை நரைத்தவர். ஓய்வுக்குப் பிறகு துப்பறிகிறார். உதவிக்கு மருமகள். அவளுக்குத் தெரு என்ன பெயர் வைத்திருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. வந்தவள் சொல்லி முடிக்குமுன்பே மருமகள் செருப்பை மாட்டிவிட்டாள்.

ஆஸ்பத்திரிக் கூடத்தில் நிற்கக்கூட இடமில்லை. சுவரில் டோக்கன் பலகை மட்டும் 04 என்று காட்டியது.

"இவ்வளவு கூட்டத்துல இப்பத்தான் நாலாவது ஆளா?" என்றாள் மருமகள்.

"நூத்தி நாலுங்க," என்றாள் மேஜைப் பெண். "பலகையில ரெண்டு கட்டம்தான். தொண்ணூத்தொம்பதுக்கு மேல பூஜ்யத்துல இருந்து வரும். காலையில நாலாம் நம்பர் வாங்கிட்டு டீ குடிக்கப் போனவர், இப்ப உள்ளே போயிட்டார். ஒரே சண்டை."

மருமகள் சிரித்தாள். மாமனார் சிரிக்கவில்லை.

கம்ப்யூட்டர் அறையில் இன்ஸ்பெக்டர் பதிவுத் தாளை நீட்டினார். விவரங்கள் அழிந்த நேரத்தில் யாரும் பாஸ்வேர்டு போட்டதாகவே இல்லை. அதற்குச் சற்று முன் ஒரு வரி: வெளியிலிருந்து வேண்டுகோள். கேட்ட எண்ணிக்கை 1073741825. கொடுத்த இடம் 4 பைட்.

"பாஸ்வேர்டு போட்ட வரியை அவரே அழிச்சிருப்பார்," என்றார் இன்ஸ்பெக்டர்.

"அழிக்கிறவர் இந்த வரியை மட்டும் விட்டுவைப்பாரா?" என்றார் நிதானம். "ஒவ்வொண்ணுக்கும் நாலு பைட் இடம் வேணும். நாலால பெருக்கினா நானூத்தி இருபத்தொம்பது கோடியைத் தாண்டும். இந்தக் கெர்னல்ல எண்ணுற கட்டம் அதோட தீர்ந்துடும். வெளியில டோக்கன் சுத்தி வந்த மாதிரி, கணக்கு நாலுன்னு நிக்கும். பெருக்கின பிறகுதான் அளவைப் பார்க்குது. நாலுதானேன்னு விட்டுடுச்சு. கேட்டவன் அனுப்பினது வழிஞ்சு பக்கத்து இடத்துல விழுந்தது. யார் நிர்வாகின்னு அங்கதான் குறிச்சிருக்கும். வெளியாள் அதுமேல தன்னை எழுதிக்கிட்டான். அப்புறம் அவனுக்குப் பாஸ்வேர்டு எதுக்கு?"

மருமகளுக்குக் கை தட்டத் தோன்றியது.

"கேக்க நல்லாத்தான் இருக்கு," என்றார் இன்ஸ்பெக்டர். "கெர்னல் எழுதுற குழு, ஆமா ஓட்டை இருக்குன்னு ஒரு வரி கொடுக்கட்டும். நாளைக்கே விட்டுடலாம். இல்லன்னா காவல் நீடிக்கும்."

மருமகள் மளமளவென்று அந்தக் குழுவுக்குப் புகார் எழுதி அனுப்பினாள்.

"மூணு வருஷத்துக்கு முன்னாடி எங்க வீட்டுக்காரரும் ஏதோ பெருக்கல் தப்புன்னு எழுதிப் போட்டார்," என்றாள் கூடவே வந்திருந்த மனைவி. "பதில் வந்த அன்னைக்கு முகமே செத்துப்போச்சு. நாங்க வீட்ல கேலி பண்ணினோம்."

நிதானம் மெதுவாக உட்கார்ந்தார். அதற்குள் பதில் வந்துவிட்டது. மனிதர் எழுதியதல்ல, தானாக வருவது.

'இதே புகார் மூன்றாண்டுகளுக்கு முன் வந்து மூடப்பட்டது. காரணம்: இவ்வளவு பெரிய எண்ணை யாரும் கேட்கமாட்டார்கள். மீண்டும் திறக்க, மூடிய முதன்மைச் சரிபார்ப்பாளரின் ஒப்புதல் தேவை. அப்பணியிடம் தற்போது காலியாக உள்ளது.'

அந்தப் பணியிடத்தின் மேஜையிலிருந்து மாமனாரின் சாமான்களை எடுத்து வந்ததே மருமகள்தான்.

"என்ன வந்திருக்கு?" என்றாள் மனைவி.

"நான்தாம்மா மூடினேன்," என்றார் நிதானம். "ஒரு நாளைக்கு நாப்பது புகார் வரும். உங்க வீட்டுக்காரர் எழுதினதை முழுசாப் படிக்கல." இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார். "நானே எழுதித் தரேன். ஓட்டை இருக்கு."

"நீங்கதான் இப்ப அந்தக் குழுவுல இல்லையே சார்," என்று சொல்லி இன்ஸ்பெக்டர் தாளை மடித்தார்.

மனைவி கோபப்பட்டிருந்தால் தேவலை. "நாளைக்கு அவர்கிட்ட என்னன்னு சொல்றது?" என்று மட்டும் கேட்டாள்.

கூடத்தில் ஐந்தாம் எண்ணைக் கூப்பிட்டார்கள். இரண்டு பேர் எழுந்தார்கள்.