வெண்ணெய் போல விழுந்த கியர்

நாலு சக்கரமும் இழுக்கும் அந்தப் பழைய டீசல் வண்டி, இழுவை லாரியின் முதுகில் ஏறிப் பட்டறைக்கு வந்தது. கூடவே வந்த அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் இறங்கி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்ற விதத்திலேயே, கோளாறு வண்டியில் மட்டும் இல்லை என்று மேனேஜருக்குப் புரிந்துவிட்டது.

மேனேஜர் என்பது பேருக்குத்தான். பட்டறை அவர் மனைவியுடையது. தானாகவே கியர் மாறும் ஆட்டோமேட்டிக் வண்டிகளின் கியர்பாக்ஸை முகர்ந்தே நோயைச் சொல்லிவிடுவாள் என்பதால் அவளுக்கு மூக்கம்மா என்று பட்டப்பெயர் விழுந்திருந்தது. இவர் பில் போடுவார், போன் எடுப்பார், மிச்ச நேரத்தில் துப்பறியும் நாவல்களைப் படித்துவிட்டு, வருகிற வண்டியிலெல்லாம் ஒரு கொலைகாரனைத் தேடுவார்.

"மேட்டுல ஆக்சிலரேட்டரை மிதிச்சா இன்ஜின் மட்டும் கத்துதும்மா. வண்டி நகர மாட்டேங்குது," என்றார் அண்ணன். "காரணம் எனக்குத் தெரியும். இதோ நிக்கிறானே, இவன்தான். எனக்குத் தெரியாம டிரெய்லர் மாட்டி மரம் இழுத்திருக்கான். அதை உங்க வாயால கேக்கணும்."

"கேட்டு என்ன சார் பண்ணப் போறீங்க?" என்றாள் மூக்கம்மா.

"போன மாசம் எங்க அம்மாவை இவன் இந்த வண்டியிலதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனான். மேட்டுல பாதியில நின்னுடுச்சு. தோள்ல போட்டுத் தூக்கிட்டு ஓடினானாம். கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்னு டாக்டருங்க சொல்லிட்டாங்க." அவர் தம்பியின் பக்கம் விரலை நீட்டினார். "கியர்பாக்ஸைக் கெடுத்தது இவன்தான்னு நீங்க சொல்லிட்டா, இனிமே எங்க வீட்டுப் படி ஏறக் கூடாது. ஒத்துக்கிட்டுத்தான் வந்திருக்கான்."

தம்பி மர அறுவைக் கூடத்திலிருந்து நேரே வந்தவன். தலைமுடியெல்லாம் மரத்தூள்.

மேனேஜர் மனைவியின் காதருகே குனிந்தார். "ஆள் கிடைச்சாச்சு. தலையைப் பாரு."

"தலையில தூள் இருந்தா சீப்பு குடுக்கணுங்க, தண்டனை குடுக்கக் கூடாது. டார்ச்சை எடுங்க."

அவள் வண்டியை லாரியிலிருந்து இறக்கச் சொல்லி, இன்ஜினை ஓடவிட்டு, சூடேறியதும் கியர்பாக்ஸின் அளவுக்கம்பியை உருவினாள். எண்ணெய் இருக்க வேண்டிய கோட்டில் இருந்தது. கீழே ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. ஆனால் சிவப்பாக இருக்க வேண்டியது கறுத்திருந்தது. கம்பியைக் கணவரின் மூக்கருகே நீட்டினாள்.

"அடிப்பிடிச்ச பாத்திரம்," என்றார் மேனேஜர்.

"உள்ள கிளட்ச் தட்டெல்லாம் எரிஞ்சிருக்கு. எண்ணெய் இருந்தும் எரிஞ்சிருக்கு. அதான் கேள்வி."

வண்டியின் பின்னால் போனாள். டிரெய்லர் மாட்டுகிற இரும்புக் குண்டின்மேல் பூசிய மஞ்சள் பெயின்ட் வெளுத்துப் போயிருந்தது. ஆனால் ஒரு கீறல் இல்லை.

"இது எப்ப அடிச்ச பெயின்ட்?"

"வாங்கின புதுசுல நானே அடிச்சேன்," என்றார் அண்ணன்.

பின் சீட்டில், ஜன்னலோரம், உட்கார்ந்து உட்கார்ந்து நடுவில் குழிந்த ஒரு பஞ்சு மெத்தை கிடந்தது. அவள் அதைத் தொடவில்லை.

"கியர் மாறும்போது இடிக்குமா சார்?"

"இடிக்கிறதா! அம்மாவுக்கு முதுகுல ஆபரேஷன் ஆச்சு. அதுக்கப்புறம் இந்த வண்டியில ஒரு குலுக்கல் கிடையாது. வெண்ணெய் மாதிரி விழும். இத்தனைக்கும் வேற எவனையும் பானட்டைத் தொட விட்டதில்ல. எல்லாம் என் கைதான்."

மூக்கம்மா சட்டென்று நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பிறகு பானட்டைத் திறந்து வெகுநேரம் உள்ளே டார்ச் அடித்தாள். வண்டியின் கருவிப் பையைக் கேட்டு வாங்கி, அதிலிருந்து ஒரே ஒரு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும், நாவலின் கடைசிப் பக்கத்தைப் படிக்காமல் மூடி வைக்க வேண்டும் போல மேனேஜருக்கு முதல் தடவையாகத் தோன்றியது.

"சார், உங்ககிட்ட மட்டும் தனியா சொல்லட்டுமா?"

"எதுக்குத் தனியா? அவனும் கேக்கட்டும்!"

அவள் பெருமூச்சு விட்டாள். "டிரெய்லர் மாட்டியிருந்தா அந்தக் குண்டுல பெயின்ட் தங்காது. உங்க தம்பி எதையும் இழுக்கல. இங்க பாருங்க, ஆக்சிலரேட்டர்லேருந்து கியர்பாக்ஸுக்கு ஒரு கேபிள் போகுது. எவ்வளவு பாரம்னு கியர்பாக்ஸுக்கு இதுதான் சேதி சொல்லும். பாரம் ஜாஸ்தின்னா உள்ள எண்ணெய் அழுத்தம் ஏறி, கிளட்ச் தட்டெல்லாம் இறுக்கிப் பிடிக்கும். கேபிளைத் தளர்த்திட்டா, பாரமே இல்லைன்னு நினைச்சுக்கிட்டு லேசாத்தான் பிடிக்கும். கியர் மெத்துனு விழும், சமதரையில சுகமா இருக்கும். மேட்டுல தட்டெல்லாம் வழுக்கி வழுக்கி எரியும்."

"யார் தளர்த்தினது?" என்று மேனேஜர் கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"இந்த ரக வண்டி புதுசுலயே கியருக்குக் கியர் ஒரு இடி இடிக்கும். வெண்ணெய்னு சார் சொன்னப்பவே எனக்கு உறுத்துச்சு. சுத்தி எல்லா இடத்துலயும் புழுதி அப்பியிருக்கு. இந்தக் கேபிள் நட்டு மட்டும் முனை மழுங்கி மின்னுது. பட்டறைக்காரன் அளவான ஸ்பேனர் போடுவான், முனை மழுங்காது. இது வாயைத் திருகி எந்த நட்டுக்கும் மாட்டுற அட்ஜஸ்ட்மென்ட் ஸ்பேனர் வேலை." கையிலிருந்ததை அண்ணனிடம் நீட்டினாள். "பானட்டை வேற யாரும் தொட்டதில்லன்னு நீங்களே சொன்னீங்க."

அண்ணன் ஸ்பேனரை வாங்கவில்லை.

"கடையில ஒருத்தன் சொன்னான்," என்றார், யாரிடமோ பேசுவது போல. "அந்த நட்டைக் கொஞ்சம் விட்டா குலுங்காதுன்னு. ஒவ்வொரு கியருக்கும் அம்மா பல்லைக் கடிப்பாங்க. பார்க்க முடியல..."

தம்பி அப்போதுதான் பேசினான்.

"அன்னைக்கு மேடு வர வரைக்கும் அம்மா கண்ணை மூடிட்டே வந்தாங்க. 'பெரியவன் வண்டியை எப்படி வச்சிருக்கான் பாரு, தொட்டில் மாதிரி'ன்னாங்க. அதுதான் கடைசியாப் பேசினது. உன்கிட்ட சொல்லணும்னு ஓடி வந்தேண்ணே. என்னைப் பார்த்ததும் நீ சட்டையைப் பிடிச்சே."

இழுவை லாரிக்காரன் இன்ஜினை அணைத்தான்.

"இப்ப இறுக்கிட்டா சரியாயிடுமாம்மா?" என்றார் அண்ணன்.

"ஆகாது சார். எரிஞ்சது எரிஞ்சதுதான்."

அவர் தம்பியின் பக்கம் திரும்பினார். "வாடா, வீட்டுக்குப் போலாம்."

"எந்த வீட்டுக்கு?"

தம்பி பின் கதவைத் திறந்து அம்மாவின் மெத்தையை எடுத்தான். அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு, தெருவின் வெயிலில், திரும்பிப் பார்க்காமல் நடந்தான்.

மேனேஜர் மெல்லக் கேட்டார்: "தேய்மானம்னு சொல்லித் தொலைச்சிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா அவர் நம்பியிருக்க மாட்டார். அந்தப் பையனைத் துரத்தியிருப்பார்."

"இப்பவும் அவன்தானே போறான்?"

மூக்கம்மா கையைக் கந்தல் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தாள். அண்ணன் பின் சீட்டில், மெத்தை இருந்த இடத்தில் ஏறி உட்கார்ந்து, ஓடாத வண்டியின் கதவைச் சாத்திக்கொண்டார். சத்தம் வராதபடி, மிக மெதுவாக.