ஒரு நூல் ஆழம்

மரத்தூள் ஈரமாக இருந்தது.

அவள் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காலையிலிருந்து விடாத மழை, பட்டறையின் தகரக் கூரை ஓயாமல் தடதடத்தது, சுவரெல்லாம் ஓதம். ஆனால் கம்ப்யூட்டர் சொல்கிறபடி மரம் செதுக்கும் சிஎன்சி ரவுட்டரின் பிட், அதன் உளிமுனை, சுழன்று சீவித் தள்ளுகிற தேக்குத் தூள் எப்போதும் மாவு மாதிரி காய்ந்து, சூடாகப் பறந்து, மூக்கில் ஏறித் தும்மல் வரவழைக்கும். இது பறக்கவில்லை. பலகையோரத்தில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு கிடந்தது. விரலால் எடுத்துத் தேய்த்துப் பார்த்தாள். அதில் உடம்புச் சூடு இருந்தது.

பட்டறை பலருக்கும் பொது. ஆளுக்கொரு மேசையை வாடகைக்குப் பிடித்து வேலை செய்தார்கள். ரவுட்டரை முறை வைத்து ஓட்டிக்கொண்டார்கள். அன்று விடுமுறை, வேறு யாரும் இல்லை. பழைய ஆள் என்பதால் சாவி அவளிடம் இருந்தது. வேலை போய் வீட்டில் சுருண்டு கிடந்த தங்கையை, மனசுக்கு மாறுதலாக இருக்கட்டும் என்று கூட்டி வந்து சேர்த்ததும் அவள்தான். தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டதாக இப்போது தோன்றியது.

கொஞ்ச காலத்திலேயே எல்லாம் தலைகீழாகிவிட்டது. மரவேலை கேட்டு வருகிறவர்கள், தங்கச்சி இருக்காங்களா என்று அவளிடமே விசாரித்தார்கள். நாற்காலி செய்கிற மீசைக்காரர், அவள் மேசைப் பக்கம் ஒருநாளும் தலை திருப்பாதவர், தங்கை உருவம் வரைகிற கம்ப்யூட்டர் முன்னால் கையிலிருந்த டீ ஆறிப்போனது தெரியாமல் நின்றார். கட்டின புருஷன்கூட, அவள் செய்த மேசைமேல் தட்டை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டே, தங்கை செய்த கண்ணாடிச் சட்டத்தைப் புகழ்ந்தார்.

இப்போது இந்தக் கட்டில். தலைமாட்டுப் பலகையில் தூங்கும் பெண்ணின் முகம் வேண்டும் என்று யாரோ கேட்டிருந்தார்கள். தங்கை தன் முகத்தையே போனில் சுற்றிச் சுற்றிப் படமெடுத்து, கண்மூடிய முகமாகத் திரையில் கொண்டுவந்தாள். பட்டறையே கூடி நின்று வாயைப் பிளந்தது. அவளும் பார்த்தாள். நெற்றியில் விழுந்த வெளிச்சத்தை, கன்னத்தின் மேட்டை, ஏதோ நல்ல கனவு காண்கிற உதட்டை. வயிறு எரிந்தது.

இன்று மதியம் தங்கைக்குத் தலைவலி. பலகையைக் கிளாம்ப் போட்டு இறுக்கி, பிட் மாட்டி, எல்லாவற்றையும் தயார் செய்துவிட்டுத்தான் படுக்கக் கிளம்பினாள். வீடு பின்தெருவில்தான்.

"பட்டனை மட்டும் அமுக்கிடு அக்கா. உன்கிட்ட விட்டா எனக்குக் கவலையே இல்ல."

அந்த நம்பிக்கை, எரிகிற இடத்தில் எண்ணெய் மாதிரி விழுந்தது. பிட் எங்கிருந்து ஆழத்தை அளக்க வேண்டும் என்று ரவுட்டருக்கு ஒரு ஜீரோ வைத்துக் கொடுப்பார்கள். அவள் அதை ஒரு நூல், அரைக்கால் அங்குலம், கீழே இறக்கினாள். ஒரு நூல்தான். மூக்கு சப்பையாகும், கன்னம் குழியும், அந்த முகம் யார் கண்ணுக்கும் ஆகாது. மெஷின் பிசகிவிட்டது என்றால் யார் வந்து கேட்கப் போகிறார்கள்?

பட்டனை அமுக்கினாள்.

இப்போது இந்த ஈரத்தூள். பிட் நெற்றியின் குறுக்கே போவதும் வருவதுமாக இருந்தது. வாசனையும் மாறியிருந்தது, தேக்கின் எண்ணெய் வாசம் போய், முழங்கால் சிராய்த்தால் வருகிற துருநாற்றம். தூசி இழுக்கும் குழாய், எதையோ விழுங்க மாட்டாமல் தொண்டை அடைத்த ஆள் மாதிரி திணறியது.

போன் அடித்தது. தங்கை.

"மெஷின் ஓடுதா அக்கா?"

"ஓடுது. ஏன்?"

"ஒண்ணுமில்ல. நெத்தி எரியுது. தொட்டுப் பார்த்தா... பள்ளமா இருக்கு."

குரலில் பயத்தைவிடக் குழப்பம்தான் அதிகம். அவள் பலகையைப் பார்த்தாள். பிட் நெற்றியை முடித்துவிட்டு மேலெழும்பி, கன்னத்துக்கு மேலே வந்து நின்று, இறங்கியது. போனில் மூச்சு இழுபட்டது.

"அக்கா, கன்னம்..."

மெஷினை நிறுத்தும் சிவப்புப் பொத்தான் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கை போனது. பொத்தான்மேல் உட்கார்ந்தது.

அமுக்கவில்லை.

கன்னம் மட்டும் போகட்டும் என்றது மனசு. எத்தனை பேர் பார்த்துப் பூரித்த கன்னம். அது மட்டும். அப்புறம் நிறுத்திவிடலாம்.

போனில் அலறல் கேட்கவில்லை. ரவுட்டரின் இரைச்சல் கேட்டது. இங்கே கேட்கிற அதே இரைச்சல். அங்கேயிருந்து.

அப்போதுதான் அமுக்கினாள். உள்ளங்கை வலிக்க. நிற்கவில்லை. மறுபடி அமுக்கினாள். ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினாள். திரை இருண்டது. பிட் சுற்றியது. மூக்கு. இமை. உதடு. நிதானமாக. ஒரு இழை பிசகாமல்.

பிறகு தானாக நின்றது.

மழைச் சத்தம் மட்டும்.

கதவு திறந்தது. தங்கை. தொப்பலாக நனைந்திருந்தாள். ஒரு கையால் முகத்தில் துண்டை அழுத்தி, மறு கையால் சுவரைத் தடவித் தடவி உள்ளே வந்தாள்.

"பாப்பா," என்றாள் அவள்.

துண்டு நழுவியது. ரத்தம் இல்லை. கண்ணில்லை, மூக்கில்லை, வாயில்லை. இழைப்புளி போட்டு இழைத்தது மாதிரி வழவழவென்று சமமாக இருந்தது. நெற்றியிலிருந்து தாடைவரை மரத்தின் வரிகள்.

அவள் பின்வாங்கினாள். இடுப்பு மெஷினில் இடித்தது. கை பலகையில் ஊன்றியது. சூடு. ஈரம். உள்ளங்கைக்கு அடியில் ஏதோ துடித்தது. கையை எடுத்தாள். பலகை முகத்தின் இமை திறந்திருந்தது.

தங்கை வந்துவிட்டாள். மேசைமேசையாகத் தடவி, கிளாம்பைத் தடவி, பலகையைத் தடவி, முகத்தைக் கண்டுபிடித்தாள். குளிர்ந்த விரல் ஒன்று அந்தக் கன்னத்துப் பள்ளத்தில் மெதுவாக இறங்கி, அடியைத் தொட்டு நின்றது.

பலகையில் இருந்த உதடுகள் அசைந்தன.

"அக்கா, எவ்வளவு ஆழம் வெச்ச?"