பாதிப் பூ

சதுரங்கப்பட்டினத்துப் பள்ளியில் மறுநாள் பூக் கண்காட்சி. ஆறாம் வகுப்பு மாணவர்கள் பூக்களைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்து அட்டையில் ஒட்டவேண்டும். பூவுக்குக் கீழே கொண்டுவந்தவர் பெயர் இருக்கும். ஒட்டுகிற பொறுப்பு சங்கரிக்கு. கிழிந்த பூ கூடாது என்று பிரபாவதி டீச்சர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

மணிப்பூக் குடும்பத்தின் கட்டம் மட்டும் காலியாகக் கிடந்து பாடாய்ப்படுத்தியது. ரோஹித் மணிபோலத் தொங்கும் மஞ்சள் அரளியை ஜம்பமாக நீட்டினான். மணி மாதிரி இருந்தால் மட்டும் சொந்தமாகிவிடாது என்று டீச்சர் அதை அரளிக் கட்டத்துக்கு மாற்றிவிட்டார். அவன் முகம் தொங்கிப்போயிற்று.

அப்போதுதான் கன்னியம்மா கடற்கரைப் புதரிலிருந்து ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு வந்தாள். வெள்ளைப் பூக்கள். ஆனால் எல்லாம் பாதிப் பாதியாக இருந்தன.

"மீதிய ஆடு தின்னுடுச்சா?" என்றான் ரோஹித். வகுப்பே சிரித்தது.

"நான் பிக்கல. எங்க கரையில எல்லாமே இப்டிதான் கீது," என்றாள் கன்னியம்மா. அவள் குரல் உடைந்தது. மீன் விற்கப் போகும் அம்மாவை, தன் பெயரைப் பார்க்க நாளைக்கு வரச் சொல்லியிருந்தாள்.

சங்கரிக்குப் பாவமாக இருந்தது. கிளையைத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. புரட்டிப் பார்த்தாள். நுனியில் விரியாத மொட்டு ஒன்று இருந்தது.

"மொட்டுக்குள்ள யாரும் கை விட முடியாதில்ல?" என்றபடி அதை நகத்தால் மெல்லப் பிரித்தாள். உள்ளே ஐந்து இதழ்கள் இருந்தன. ஐந்தும் ஒரே பக்கமாக விசிறிபோல விரிந்தன. விரிந்த பூவிலும் எண்ணினாள். அதிலும் ஐந்து. ஒன்றும் குறையவில்லை.

ரோஹித் கிட்டே வந்து, தானும் ஒருமுறை எண்ணினான்.

டீச்சர் தடித்த புத்தகத்தைப் புரட்டினார். அந்தப் புதர் மணிப்பூக் குடும்பத்துக்கு நெருங்கிய சொந்தமாம். காலிக் கட்டத்துக்குப் பக்கத்திலேயே புதிய கட்டம் போட்டு, சங்கரி அந்தப் பூவை ஒட்டி, கீழே கன்னியம்மாவின் பெயரைப் பெரிதாக எழுதினாள்.

மறுநாள் கன்னியம்மாவின் அம்மா கூடையை வாசலில் வைத்துவிட்டு வந்து, மகள் பெயரை விரலால் தடவிப் பார்த்தார்.

பின்னால் வந்த ரோஹித்தின் அப்பா, "யாருப்பா இந்தப் பூவைப் பாதியா பிச்சது?" என்று கேட்டார்.

"யாரும் பிய்க்கலப்பா," என்றான் ரோஹித். "அது முழுப் பூ. எண்ணிப் பாருங்க."