ஜன்னலோரம் வைத்த ரத்தம்

"என் ஈரல்ல பாதி அவன் வயித்துக்குள்ள இருக்கு, டாக்டர். அது கெட்டுப் போறதைக் கையைக் கட்டிக்கிட்டு வேடிக்கை பார்க்கணுமா?"

தையல் வலியோடு புகார் விசாரணை அறைக்கு வந்த தங்கைக்கு உட்காரக்கூட மனம் வரவில்லை. அண்ணனுக்கு உடம்பெல்லாம் அரிப்பு, கண்ணெல்லாம் மஞ்சள். வார்டு டாக்டரோ, ரத்தத்தில் காமாலையைக் காட்டும் பிலிருபின் அளவு இறங்கிவிட்டது, மற்றதெல்லாம் மனப்பிரமை, சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்புங்கள் என்று கறாராகச் சொல்லிவிட்டார். என்ன அநியாயம்!

"மழை கொட்டுச்சே, அன்னிக்கு மட்டும் அந்த பிலிருபின் எகிறிச்சு. மிஷின் கோளாறுன்னு தள்ளிட்டாங்க."

விசாரணை டாக்டர் நிதானமாகக் கண்ணாடியைத் துடைத்தார். அவருடைய உதவியாளருக்கோ பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. "ரத்தம் மாறிப்போச்சு சார்! பக்கத்துப் படுக்கைக்காரர் ரத்தம்!"

"மாறியிருந்தா எல்லாமே மாறியிருக்கும். பித்தக்குழாய் அடைச்சா ஏறுற இன்னொரு அளவு ஏறிக்கிட்டேதான் இருக்கு. அது எலும்புக் கோளாறாலயும் ஏறும்னு எலும்பு மேல பழியைப் போட்டுட்டாங்க. பிலிருபின் ஒண்ணு மட்டும் ஏன் இறங்குது? வாங்க, வார்டைப் பார்ப்போம்."

வார்டில் கிழக்கு ஜன்னல் கட்டையின்மேல் பரிசோதனைக்கு எடுத்த ரத்தம் உள்ள குழாய்களைச் செருகும் சிவப்புத் தட்டு இருந்தது. ஜன்னல் கண்ணாடிப் பக்கம் மட்டும் அதன் சாயம் வெளுத்திருந்தது. டாக்டர் அதை விரலால் தடவினார்.

"மேஜையில வெச்சா கை பட்டு உடையுது சார்," என்றார் தலைமை நர்ஸ். "லேப் ஆள் எல்லா வார்டையும் சுத்திட்டு எங்ககிட்ட கடைசியாத்தான் வருவார். அதுவரைக்கும் இங்கதான்."

டாக்டர் அங்கேயே அண்ணனிடம் ரத்தம் எடுத்து இரண்டு குழாய்களில் நிரப்பினார். ஒன்றைக் கறுப்புத் தாளில் சுற்றினார். இன்னொன்றை வழக்கம்போல வெயிலில் வைத்தார். லேப் ஆள் வந்ததும் இரண்டும் சேர்ந்தே போயின.

முடிவு வந்ததும் எல்லோரையும் கட்டிலைச் சுற்றி நிற்க வைத்தார். "ஒரே ஆள், ஒரே ரத்தம். தாள் சுத்தினதுல இருக்கிற பிலிருபின்ல பாதிகூட வெயில்ல வெச்சதுல இல்ல. வெளிச்சம் பட்டா அது சிதைஞ்சிடும். காமாலையோட பிறந்த குழந்தையை விளக்குக்கு அடியில படுக்க வைக்கிறோமே, அதே சங்கதிதான். மழை அன்னிக்கு வெயில் இல்ல. அன்னிக்கு வந்ததுதான் நிஜம்."

ஸ்கேனில் பித்தக்குழாய் இணைத்த இடம் சுருங்கியிருந்தது. வீட்டுக்குப் போகிற பேச்சு நின்றது. இன்றே குழாயை விரித்துவிட்டால் ஈரல் பிழைக்கும் என்றார்கள்.

"ரிப்போர்ட் அப்படி வந்தா நான் என்ன செய்யறது?" என்று முனகினார் வார்டு டாக்டர்.

"ரிப்போர்ட் தப்பானதுக்கு வெயில் காரணம்," என்றார் விசாரணை டாக்டர். "இவர் கண்ணை நீங்க பார்க்காததுக்கு?"

வார்டு டாக்டர் தங்கையின் பக்கம் திரும்பினார். "மன்னிச்சிடுங்கம்மா."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என்கிட்ட எதுக்கு? ராத்திரியெல்லாம் சொறிஞ்சு சொறிஞ்சு ரத்தம் வந்தது அவனுக்கு. 'எனக்கு ஒண்ணுமே இல்லையாமே, நான் என்ன பைத்தியமா'ன்னு கேட்டு அழுதது அவன். அவன்கிட்ட சொல்லுங்க!"

அண்ணனை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போனார்கள். வார்டு டாக்டர் பின்னாலேயே ஓடினார். அவர் என்ன சொல்கிறார் என்று தன் காதால் கேட்பதற்காக, தையலைக் கையால் அழுத்திக்கொண்டு தங்கையும் கூடவே நடந்தாள்.